சாவி கமாண்டரிடம், சைரன் ஐ.நா.விடம்

புதுப் பாடப்புத்தகத்தைப் பிரித்ததும் ஒரு வாசனை வருமே, அது ஒரு பெரிய ஷெட் முழுக்க நிறைந்து கிடந்தால் எப்படி இருக்கும்? காட்மாண்டு பள்ளத்தாக்கில், பக்தபூர் பக்கம், சானோதிமி என்ற இடத்தில் இருக்கிறது ஜனக் கல்விப் பொருள் மையம். நேபாளத்துப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் அச்சாகும் இடம். 2008 மார்ச்சில் அங்கே கணக்கும் அறிவியலும் ஓரங்கட்டப்பட்டு, எந்திரங்கள் ராப்பகலாக வாக்குச்சீட்டு துப்பிக்கொண்டிருந்தன. வாசலில் போலீஸ். பையைத் திறந்து காட்டு, செல்போனைக் கொடு, பேனாவைக்கூடக் கொடு. எல்லாம் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து வருஷம் உள்நாட்டுப் போரில் வெந்த நாடு ஒன்று, புது அரசியல் சாசனம் எழுதும் சபைக்கு ஓட்டுப் போடப் போகிறது. அந்த ஓட்டு, இதோ, ஈர மையோடு கட்டுக் கட்டாக என் கண்ணெதிரே!

எந்திரத்தின் பக்கத்தில் நின்ற பெரியவர் முழங்கை வரை மை பூசிக்கொண்டிருந்தார். கத்தினால்தான் காது கேட்கும். ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மரம், சூரியன், அரிவாள் சுத்தியல், கலப்பை, பசு, தீப்பந்தம், சைக்கிள் என்று ஒரே தாளில் 54 சின்னங்கள். எழுத்து என்று பார்த்தால் எதுவும் இல்லை. கட்சிப் பேர் கிடையாது, வேட்பாளர் பேர் கிடையாது. "படிக்கத் தெரியாதவங்க நிறைய. படம்தான் பேசணும்" என்றார். கோடு கொஞ்சம் விலகியிருந்தாலும் தாளைத் தூக்கித் தனிக் குவியலில் போட்டார். அந்தக் குவியலுக்கும் ஒரு போலீஸ்காரர் காவல். வீணான சீட்டைக்கூட எண்ணித்தான் வெளியே விடுவார்கள்.

ஒரு கோடியே 76 லட்சம் வாக்காளர்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு. நேரடித் தொகுதிக்கு நீலச் சீட்டு, கட்சிக்குப் போடும் விகிதாசார ஓட்டுக்குச் சிவப்புச் சாயலில் இன்னொன்று. தினமும் மணிக்கணக்கில் லோட்ஷெட்டிங் இருந்த காலம் அது. நான் நின்றிருந்தபோதே மின்சாரம் போனது. எந்திரங்கள் முனகி அடங்கின. இருட்டில் யாரோ ஒரு ஜோக் சொல்ல, ஷெட் முழுக்கச் சிரிப்பு. ஜெனரேட்டர் உறுமியதும் பெரியவர் எனக்கு அதை விளக்கினார்: தேர்தல் தேதி ஏற்கெனவே இரண்டு முறை மாறிவிட்டது. 2007 ஜூன் என்றார்கள், அப்புறம் நவம்பர் 22 என்றார்கள், இப்போது ஏப்ரல் 10. "இன்னொரு தடவை மாறினா இந்தத் தாள்லயே ரெண்டாங்கிளாஸ் கணக்குப் புத்தகம் அடிச்சிடலாம்னு சொல்றான்."

தேதி மாறியதற்குப் பின்னால் சின்னக் காரணங்கள் இல்லை. முதல் முறை சட்டமும் ஏற்பாடும் தயாராகவில்லை. இரண்டாம் முறை, போரை முடித்து அரசில் சேர்ந்திருந்த மாவோயிஸ்ட்டுகள் அதிலிருந்து வெளியேறினார்கள். மன்னராட்சியை முதலில் ஒழி, தேர்தல் முறையை மாற்று என்றார்கள். அதைச் சரிக்கட்டி வருவதற்குள் தெற்கே மதேஸ் சமவெளி கொதித்தது. 2008 பிப்ரவரி 28 அன்று மதேசிக் கட்சிகளோடு எட்டு அம்ச ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் வேட்புமனு நாளையே நீட்டித்து வாங்கினார்கள். மனு முடிந்தால்தானே சின்னம் முடிவாகும், சின்னம் முடிவானால்தானே அச்சுக்குப் போகும்! பெரியவரின் தூக்கம் போனதற்கு அரசியல் பொறுப்பு.

அடுத்து காட்மாண்டு நகரில் காந்திபத் சாலை. வாங்க, தேர்தல் ஆணையத்துக்குள் போகலாம். பகதூர் பவன் என்ற பழைய ராணா அரண்மனைதான் ஆணையம். உயர்ந்த தூண்கள், அகலமான படிக்கட்டு. 1950களில் இது ராயல் ஹோட்டல். போரிஸ் லிசானேவிச் என்ற ரஷ்ய பாலே நடனக்காரர் நடத்தியது. நேபாளத்துக்கு முதல் முதலாக வந்த வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களும் மலையேறிகளும் இங்கேதான் தங்கினார்கள். அந்தக் கூடத்தில் இப்போது அட்டைப்பெட்டி மலை. முத்திரைக் கட்டைகள், மைப்புட்டிகள், பிளாஸ்டிக் சீல்கள், நூல்கண்டு, மெழுகுவர்த்தி. ஆமாம், மெழுகுவர்த்தி. மின்சாரம் எட்டிப் பார்க்காத சாவடிகளில் ஓட்டுப்பெட்டிக்குத் துணை அதுதான். ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு மூட்டை. மூட்டைக்குள் என்னென்ன என்று ஒரு பட்டியல். பட்டியலைச் சரிபார்த்த இளைஞர், "முத்திரை ரெண்டு, பேடு ரெண்டு, கத்தரி ஒண்ணு" என்று சந்தம் போட்டுப் பாடிக்கொண்டே மூட்டை கட்டினார். எதிரே இருந்தவர் தாளம் போட்டார்.

விரலில் வைக்கிற மையைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. நம் ஊர்த் தேர்தலுக்கு மை தயாரிக்கும் மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம் நேபாளம் உட்படப் பல நாடுகளுக்கு மை அனுப்பியிருக்கிறது. இங்கே கட்டைவிரல் நகத்தில் வைக்கிறார்கள். ஓட்டுச்சீட்டில் குத்துவது ஸ்வஸ்திக் முத்திரை.

தலைமைத் தேர்தல் ஆணையர் போஜ்ராஜ் பொக்ரேல் வராந்தாவைக் கடந்து போனார். கோப்பு ஒரு கையில், போன் ஒரு கையில். அவரைச் சுற்றி நான்கைந்து பேர் பேசிக்கொண்டே ஓடினார்கள். கூட்டத்தின் கடைசியில் ஒரு வெளிநாட்டுப் பெண், ஐ.நா. தேர்தல் ஆலோசகர். கையில் குறிப்பேடு, வாயில் பேச்சே இல்லை. அவரைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். 1993இல் கம்போடியாவில் ஐ.நா. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை இறக்கித் தேர்தலைத் தானே நடத்தியது. வாக்காளர் பட்டியல், பெட்டி, எண்ணிக்கை எல்லாம் அவர்கள் கையில். நேபாளம் அப்படிக் கேட்கவில்லை. 2006 நவம்பர் 21 அன்று பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலாவும் மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டாவும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, தேர்தலை நாங்களே நடத்துகிறோம், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள் என்பதுதான் ஐ.நா.வுக்கு வந்த அழைப்பு. 2007 ஜனவரி 23 அன்று பாதுகாப்பு சபை 1740ஆம் தீர்மானம் போட்டது. வந்து சேர்ந்த குழுவுக்குத் தலைவர் இயன் மார்ட்டின். நேபாளிகள் அந்தக் குழுவை அன்மின் என்று அழைத்தார்கள். படை கிடையாது. துப்பாக்கி கிடையாது. யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. மாவட்டத்துக்கு மாவட்டம் தேர்தல் ஆலோசகர்கள், ஆயுதங்களுக்குக் கண்காணிப்பாளர்கள், அவ்வளவுதான். ஒரு நாட்டுக்கு உதவப் போகிறவர் எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பது பெரிய திறமை. பகதூர் பவன் வராந்தாவில் கடைசி ஆளாக நடந்த அந்தப் பெண்ணிடம் அது இருந்தது.

புது பானேஸ்வரில் பிரேந்திரா சர்வதேச மாநாட்டு மையம். அதில்தான் அன்மின் தலைமையகம். வெள்ளை ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன. பெட்ரோலுக்கு ஊரே தெருவில் வரிசை போட்டிருந்த நாட்கள். அதனால் அந்த ஜீப்புகளைப் பார்த்து ஊர்க்காரர்களுக்கு எரிச்சலும் உண்டு. அதை அங்கே வேலை செய்த நேபாளி டிரைவரே என்னிடம் சொன்னார். உள்ளே கேன்டீனில் ஒரு மேஜையில் எத்தனை தேசம்! எல்லார் தட்டிலும் பருப்பும் சோறும். ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று மேஜை மேஜையாகப் பயணம் செய்தது. சுவரில் நேபாள வரைபடம். அதில் ஏழு பெரிய ஊசிகள், 21 சின்ன ஊசிகள்.

ஊசி குத்திய இடமெல்லாம் மாவோயிஸ்ட் படையினரின் முகாம். ஏழு பெரிய ஊசிகளில் ஒன்று சித்வன் மாவட்டத்தின் சக்திகோர். ஆசியத் தேர்தல் கண்காணிப்பாளர் குழு ஒன்றில் இருந்த தோழிக்கு அந்தப் பக்கம் வேலை. ஜீப்பில் ஓர் இடம் காலி. கேட்க வேண்டுமா!

திரிசூலி ஆற்றை ஒட்டியே மலைப்பாதை. முக்லிங்கில் சாப்பாடு, நாராயண்காட்டில் தேநீர், டாண்டி கடைத்தெருவில் திரும்பி வடக்கே புழுதிச் சாலை. செபாங் மக்களின் குன்றுகள் எதிரே எழும்ப, திடீரென்று செங்கொடி. தகரக் கூரையும் மரச் சட்டமுமாக நீள நீளமான கொட்டகைகள். முந்தைய மழைக்காலத்தில் இவை எல்லாம் ஒழுகி, படுக்கை நனைந்து, பாம்பு வந்து, பெரிய ரகளை. நாங்கள் போன நேரம் வாலிபால் ஆட்டம் உச்சத்தில் இருந்தது. ஒரு பக்கம் துணி காய்ந்தது. அதில் பாதி குழந்தைத் துணி! போர் ஓய்ந்ததும் முகாமில் கல்யாணங்கள் நடந்தன, பிள்ளைகள் பிறந்தன. கொட்டகை நிழலில் ஒரு பெண் போராளி, இருபது வயது இருக்கும், மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து தோழிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். சீருடைக் காற்சட்டை, காலில் ரப்பர் செருப்பு. மாதம் 3,000 ரூபாய் சம்பளம் என்று அரசு சொல்லியிருக்கிறது, வரத்தான் நேரமாகிறது என்றாள். "ஓட்டு முடிஞ்ச பிறகு எங்களை ராணுவத்துல சேர்ப்பாங்களா, வீட்டுக்கு அனுப்புவாங்களா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா தீதி?" என்று என் தோழியைக் கேட்டாள். தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பதில் யாரிடமும் இல்லை.

முகாமின் நடுவே கம்பி வேலி. வேலிக்குள் வெள்ளைக் கப்பல் கன்டெய்னர்கள். துறைமுகத்தில் பார்ப்போமே, அதே. அதற்குள் துப்பாக்கிகள். எனக்கு மூச்சு ஒரு நொடி நின்றது உண்மை. ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, பதிவு செய்து, அடுக்கி, பூட்டு போட்டாயிற்று. ஏழு முகாம்களிலும் சேர்த்துப் பதிவான ஆயுதங்கள் 3,475. இனி கேளுங்கள். சாவி யாரிடம்? ஐ.நா.விடம் இல்லை. மாவோயிஸ்ட் கமாண்டரிடம்! காட்மாண்டுவில் சௌனி படைமுகாமில் நேபாள ராணுவமும் ஈடாக ஆயுதங்களைப் பூட்டி வைத்தது. அந்தச் சாவி ராணுவத்திடமே. ஐ.நா.வின் கையில் இருந்தது விளக்கு, கேமரா, சைரன், ஒரு நோட்டுப் புத்தகம். சொல்லாமல் யாராவது கதவைத் திறந்தால் சைரன் அலறும், நாட்டுக்கே தெரிந்துவிடும். ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு படைகளை மானம் குறையாமல் ஆயுதத்தைக் கீழே வைக்கவைத்தது இந்த ஏற்பாடுதான். யார் மூளையில் உதித்ததோ, அவரை நிற்கவைத்துக் கைதட்ட வேண்டும் என்று அங்கே தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

ஐ.நா. கண்காணிப்பாளர்கள் நிராயுதபாணிகள். பல நாட்டு ராணுவங்களில் இருந்தவர்கள், இருப்பவர்கள். அவர்கள் வந்து சேரும் வரை இந்திய, பிரிட்டிஷ் ராணுவங்களில் இருந்து ஓய்வு பெற்ற கூர்க்காக்கள் 111 பேர் இந்தக் காவலைப் பார்த்தார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் ஷிஃப்ட். அன்று பணியில் இருந்தவர் நோட்டைத் திறந்து காட்டினார். மணிக்கு ஒரு பதிவு. "விசேஷம் இல்லை." "விசேஷம் இல்லை." "மழை. விசேஷம் இல்லை." பக்கம் பக்கமாக அதுவே. படித்துவிட்டு நான் சிரித்ததும் அவரும் சிரித்தார். "இப்படியே கடைசிப் பக்கம் வரை எழுதணும், அதுதான் என் வேண்டுதல்" என்றார். கையால் பருப்புச்சோறு பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொண்டது எப்படி என்று அரைமணி நேரம் விவரித்தார்.

அப்போது சைரன் வேலை செய்கிறதா என்று சோதனை. முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் அது அலறியதே ஓர் அலறல்! கோழிகள் சிதறின. வாலிபால் ஆட்டத்தில் சர்வீஸ் போட்டவன் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தான். கைக்குழந்தை வீறிட்டது. ஓர் ஆடு மட்டும் அசையாமல் கன்டெய்னரின் நிழலில் அசை போட்டபடி இருந்தது. அதற்கு இது வாடிக்கை போலும். கண்காணிப்பாளர் நோட்டில் நேரம் குறித்தார். கமாண்டர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த முகாமில் எல்லாமே இனிப்பு என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். ஐ.நா. சரிபார்த்து ஏற்றுக்கொண்ட போராளிகள் 19,602 பேர். அவர்களில் 3,846 பேர் பெண்கள். துப்பாக்கியோ 3,475தான். கணக்கு இடிக்கிறதே என்று காட்மாண்டு டீக்கடைகளில் அப்போதே பேச்சு. 2009 மே மாதம் ஒரு வீடியோ வெளிவந்தது. நான் போவதற்குச் சில மாதங்கள் முன்பு, இதே சக்திகோரில், பிரசண்டா தன் ஆட்களிடம் பேசியது. உண்மையான எண்ணிக்கை ஏழாயிரம் எட்டாயிரம்தான், கூட்டிக் காட்டினோம் என்று அதில் அவரே சொல்கிறார். இன்னொன்றும் உண்டு. சரிபார்ப்பில் 2,973 பேர் வயது வராத பிள்ளைகள் என்று தெரிந்தது. அவர்களை உடனே விடுவித்திருக்க வேண்டும். 2010 தொடக்கத்தில்தான் முகாமை விட்டு அனுப்பினார்கள். பள்ளிக்குப் போக வேண்டிய வயது அங்கேயே கரைந்தது. அந்தக் குறையை எந்தக் கொண்டாட்டமும் மறைக்கக் கூடாது. கடைசியில் சுமார் 1,400 பேர் நேபாள ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெரும்பாலானோர் பணம் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார்கள்.

தேர்தலுக்கு முந்தின இரவு பரத்பூரில் ஒரு லாட்ஜ். தேர்தல் கண்காணிப்பாளர்களின் அறையைப் பார்க்க வேண்டுமே! கட்டிலில் சட்டை, சட்டையின் மேல் வரைபடம், வரைபடத்தின் மேல் பிஸ்கட் பொட்டலம், அதன் மேல் டார்ச். எல்லோரும் தரையில். நாளை கேட்க வேண்டிய கேள்விகள் அடங்கிய படிவத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பெட்டி காலியாக இருப்பதை எல்லோருக்கும் காட்டினார்களா? சீல் எண்ணை ஏஜென்ட்டுகள் குறித்துக்கொண்டார்களா? சாவடிக்குள் ஆயுதம் யாரிடமாவது உண்டா? தலையிடக் கூடாது, கத்தக் கூடாது, கட்சிக்காரர் கொடுத்தால் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. தோழி தன் சிவப்புச் சால்வையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். கட்சி நிறம்!

உலகமே அந்த வாரம் நேபாளத்தில் இறங்கியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பெரிய குழுவை அனுப்பியது. ஜிம்மி கார்ட்டரும் ரோஸலின் கார்ட்டரும் காட்மாண்டு வந்திருந்தார்கள். உள்நாட்டுக் கண்காணிப்பாளர்களோ சுமார் அறுபதாயிரம் பேர். எனக்கு மதிப்பு அதிகம் யார்மேல் என்றால், 2007லேயே வந்து மாவட்டங்களில் குடியிருந்த கார்ட்டர் மையத்தின் ஆட்கள் மேல்தான். ஓட்டு நாளில் எந்த ஊரும் நல்ல சட்டை போட்டுக்கொள்ளும். மூன்று மாதம் முன்பு யார் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள் என்பது அங்கேயே இருந்து டீ குடித்தவருக்குத்தான் தெரியும். மாவோயிஸ்ட் இளைஞர் அணியின் மிரட்டல் பற்றி அவர்கள் தொடர்ந்து எழுதினார்கள். அந்தப் பயம் கற்பனை இல்லை. ஓட்டுக்கு இரண்டு நாள் முன்பு டாங் மாவட்டத்தில் மாவோயிஸ்ட் தொண்டர்கள் பலர் போலீஸ் சுட்டு இறந்தார்கள். சுர்கேத்தில் ஒரு வேட்பாளரே கொல்லப்பட்டு அந்தத் தொகுதியின் தேர்தல் தள்ளிப்போனது. லாட்ஜ் அறையில் சிரிப்புக்கு நடுவே வானொலிச் செய்தி வரும்போதெல்லாம் எல்லோரும் சட்டென்று அமைதியானார்கள்.

ஏப்ரல் 10 விடியற்காலை. அனுமதி இல்லாத வண்டி எதுவும் ஓடக் கூடாது. லாரிகள் முட்டி மோதும் நெடுஞ்சாலையில் ஒரு நாய் நடுரோட்டில் தூங்குகிறது! எங்கள் ஜீப் அதைச் சுற்றிக்கொண்டு போனது. மலையடிவாரப் பள்ளிக்கூடம் ஒன்றில் சாவடி. ஏழு மணிக்குத்தான் ஓட்டு, அதற்கு முன்பே வரிசை மைதானத்தைத் தாண்டிவிட்டது. பெண்கள் வரிசை ஆண்கள் வரிசையைவிட நீளம். கல்யாணத்துக்கு உடுத்துவது போல் சிவப்புச் சேலையும் பாசிமணியும்.

காவலுக்குத் தற்காலிகப் போலீஸ். கையில் தடி மட்டும். ராணுவம் ஒப்பந்தப்படி பாசறைக்குள். ஒரு பையனுக்குச் சட்டை இரண்டு அளவு பெரிது, கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டே வரிசையை ஒழுங்குபடுத்தினான். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, காலி என்று காட்டினார் சாவடி அதிகாரி, உள்ளூர் வாத்தியார். முதல் சீலைப் போடும்போது கை நடுங்கியது. மூன்று கட்சி ஏஜென்ட்டுகளும் ஒருவர் தோளை ஒருவர் உரசிக் குனிந்து எண்ணை எழுதினார்கள். நேபாளி காங்கிரஸ்காரரின் பேனா மக்கர் செய்ய, மாவோயிஸ்ட் ஏஜென்ட் தன் பேனாவை நீட்டினார். யாரும் அதைப் படம் எடுக்கவில்லை.

பத்து மணிக்கு ஒரு செபாங் பாட்டி வந்தாள். வந்தாள் என்றா சொல்வது, பேரன் டோகோவில் வைத்து முதுகில் சுமந்து வந்தான். நெற்றியில் பட்டை, அதில் தொங்கும் மூங்கில் கூடை, கூடைக்குள் பாட்டி. வரிசை தானாக விலகி வழிவிட்டது. கூடையை இறக்கியதும் பாட்டி முதலில் தலைமுடியைச் சரிசெய்தாள். கட்டைவிரலை நீட்டினாள், மை வைத்தார்கள். நீலச் சீட்டைக் கொடுத்தார்கள். அட்டை மறைப்புக்குள் போனாள். போனாள், போனாள், வரவே இல்லை. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து 'டப்' என்று முத்திரைச் சத்தம். அப்புறம் ஊதும் சத்தம், மை காயட்டுமாம்! வெளியே வந்து பெட்டியில் போட்டுவிட்டுக் கூடையை நோக்கி நடந்தாள். "பாட்டி, இன்னொரு சீட்டு இருக்கு" என்றார் வாத்தியார். "போட்டாச்சே." "அது ஆளுக்கு. இது கட்சிக்கு." பாட்டி ஒரு கணம் யோசித்தாள். "ஒரே நாளில் ரெண்டா?" என்று பேரனைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பில் மூன்று ஏஜென்ட்டுகளும் கவிழ்ந்தார்கள். இரண்டாவது சீட்டுக்கு அவள் முதலைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். 54 சின்னத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பாள். தோழி படிவத்தில் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டாள். 'வாக்காளருக்குப் போதுமான நேரம் தரப்பட்டதா' என்ற கேள்வி.

எல்லா இடமும் இப்படி இல்லை. நாட்டில் சுமார் நூறு சாவடிகளில் கைகலப்பும் பெட்டிச் சூறையும் நடந்து மறுவாக்குப் பதிவு வைக்க வேண்டி வந்தது. ஆனாலும் வாக்காளர்களில் அறுபது சதவீதத்துக்கும் அதிகமானோர் ஓட்டுப் போட்டார்கள்.

எண்ணிக்கை நடுவே புத்தாண்டு வந்தது. ஏப்ரல் 13, நேபாளத்துக்கு வைசாகம் முதல் நாள். விக்ரம் சம்வத் 2065 பிறந்தது. நமக்கும் அன்றுதானே சித்திரைப் பிறப்பு. பரத்பூரில் எண்ணும் கூடத்தில் நுழைந்தால் ஒரே வியர்வை நெடி. மின்விசிறி ஓடக் கூடாது, சீட்டு பறக்கும். மாவட்ட நீதிபதிதான் தலைமை அதிகாரி. சட்டைக் கழுத்து நனைந்து ஒட்டியிருந்தது. எண்ணுகிறவர்கள் கையில் சீட்டை விரித்து, ஏஜென்ட்டுகளுக்குக் காட்டி, கட்டில் வைத்தார்கள். ஈர மையோடு மடித்த சீட்டில் முத்திரை எதிர்ப்பக்கமும் பதிந்திருக்கும். மரத்துக்கா, சூரியனுக்கா? உடனே சண்டை. நீதிபதி சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். அழுத்தமாக விழுந்தது எது, ஒட்டிக்கொண்டது எது என்று பார்ப்பார். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் மூன்று பேரும் ஒரே கோணத்தில் கழுத்தைச் சாய்ப்பார்கள். தீர்ப்பு வந்ததும் தோற்றவர் ஒரு பெருமூச்சு விட்டு அவல் பொட்டலத்தைப் பிரிப்பார். அதில் மற்ற இருவர் கையும் நுழையும்.

அந்தக் கூடத்தில் ஒரு விஷயம் மெல்ல மெல்லப் புரிந்தது. பத்திரிகைகள், தூதரகங்கள், காட்மாண்டுவின் அறிவாளிகள், எல்லோரும் மாவோயிஸ்ட் கட்சி மூன்றாவதாக வரும் என்றார்கள். வானொலியில் முடிவுகள் வர வர, கூடத்தில் இருந்தவர்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். நேரடித் தொகுதிகள் 240இல் 120 மாவோயிஸ்ட்டுக்கு! சூரியச் சின்னக் கட்சியின் பொதுச்செயலாளர் மாதவ் குமார் நேபாள் நின்ற இரண்டு தொகுதியிலும் தோற்றார், பதவி விலகினார். விகிதாசாரத்தில் வந்த 100 இடங்களையும் சேர்த்து மாவோயிஸ்ட்டுகளுக்கு 220. அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் அன்றைக்கும் இருந்த கட்சி அது. பரத்பூர்க் கூடத்தில் காங்கிரஸ் ஏஜென்ட் ரொம்ப நேரம் மேஜையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்காகத்தான் இத்தனை சீல், இத்தனை மெழுகுவர்த்தி, இத்தனை படிவம்.

தேர்ந்தெடுக்கப்பட்ட 575 பேர் மே 28 அன்று கூடினார்கள். எங்கே தெரியுமா? அன்மின் அலுவலகம் இருந்த அதே பிரேந்திரா மாநாட்டு மையத்தில்! காலையில் தொடங்க வேண்டிய கூட்டம் தலைவர்களின் பேரத்தில் இழுத்து இழுத்து இரவாகிவிட்டது. வெளியே சாலை முழுக்கக் கூட்டம், மத்தளம், ஆட்டம். உள்ளே 560க்கு 4 என்ற வாக்கில் 240 வருஷ மன்னராட்சி முடிந்தது. அரசியல் சாசனம் எழுத இரண்டு வருஷம் என்று சொன்னார்கள். அந்த சபையால் முடியாமலே 2012இல் கலைந்தது. இரண்டாவது சபைதான் 2015 செப்டம்பரில் முடித்தது. அன்மின் 2011 ஜனவரியில் மூட்டை கட்டிக்கொண்டு போனது. போரில் காணாமல்போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குடும்பங்கள் கேட்ட நியாயம் மட்டும் வரவில்லை. பெட்டியும் மையும் கொடுத்த வெளிநாடுகள் அந்தத் தாய்மாருக்காகவும் அதே சுறுசுறுப்பைக் காட்டியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த வாரம் மாநாட்டு மைய வாசலில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அந்த 575 பேரில் 191 பேர் பெண்கள். இருபத்தைந்து கட்சிகள். சின்ன வயதிலேயே அடிமை வேலைக்கு அனுப்பப்பட்டு வளர்ந்த தாரு பெண் சாந்தா சௌத்ரி ஓர் உறுப்பினர். ஐந்தே இடம் பெற்ற ஒரு சின்னக் கட்சியின் விகிதாசாரப் பட்டியலில் வந்த சுனில் பாபு பந்த் இன்னொருவர். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு சபைக்கு வந்தவர். தாரு உடை, ஷெர்பா உடை, மைதிலிச் சேலை, வேட்டி என்று வரிசை வந்துகொண்டே இருந்தது. வாசல் காவலர்களுக்கு யார் முகமும் தெரியவில்லை. ஒவ்வொருவரையும் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். ஒரு அம்மாள் பையைத் துழாவி, இடுப்பு முடிச்சைத் துழாவி, கடைசியில் ரவிக்கைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். காவலர் படித்துப் பார்த்தார், அவரை நிமிர்ந்து பார்த்தார், விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். "இனிமேல் என்னை ஞாபகம் வச்சுக்கோ தம்பி, தினமும் வருவேன்" என்று சொல்லிக்கொண்டே அம்மாள் உள்ளே போனார்.